டியூ டேட்டை 12க்கு மாத்துனேன், 5ஆம் தேதி மாட்டிக்கிட்டேன்

இதை எழுதறதுக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. பதினோரு வருஷமா கிரெடிட் கார்டு வெச்சிருக்கேன், ஒரு தடவை கூட லேட் ஃபீ கட்டுனதில்ல, ஆபீஸ்ல எவனாவது மினிமம் டியூன்னு பில்லுல போடற குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் கட்டிட்டு நிம்மதியா இருந்தான்னா அவனை உட்கார வெச்சு கிளாஸ் எடுக்கிற ஆளு நான். அப்படிப்பட்ட நான் 2025 தீபாவளி முடிஞ்ச ரெண்டாவது நாள் 3,910 ரூபா 52 காசுக்கு தண்டம் வாங்குனேன். அதுவும் பில்லு லேட்டாகக் கூடாதுன்னு டியூ டேட்டை, அதான் பில்லு கட்டற கடைசி நாளை, மாத்தப் போய் வந்த வினை.

முதல்ல எதுக்கு மாத்துனேன்னு சொல்லிடறேன். நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். எங்களுக்கு சம்பளம் மாசக் கடைசி நாள்ல டாண்ணு வந்துடும். ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்காவுக்குப் போற சரக்குக்கு 50 சதவீதம் வரின்னு ஆச்சு இல்லீங்களா, அப்ப எங்க பையர் ரெண்டு பேரு ஷிப்மென்ட்ட நிறுத்தி வைன்னுட்டாங்க, இன்னொருத்தர் டிஸ்கவுண்ட் கேட்டு உட்கார்ந்துட்டாரு, பணம் சுத்தறது அப்படியே நின்னு போச்சு. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு "இனிமே சம்பளம் பத்தாந்தேதிங்க, நிலைமை சரியாகற வரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க"ன்னாரு. ஆளைக் குறைக்காம இருந்தாரே அதுவே பெருசுன்னு எல்லாரும் தலையாட்டிட்டு வந்துட்டோம்.

பிரச்சினை என்னன்னா என் வீட்டுல எல்லாமே மாசக் கடைசி சம்பளத்த நம்பி கட்டி வெச்ச கோட்டை. வாடகை, பொண்ணோட வேன் ஃபீஸ், சீட்டு, அதோட இந்த கார்டு. கார்டுக்கு ஸ்டேட்மென்ட் தேதி, அதாவது பில்லு போடற தேதி, 15, அதுல இருந்து 20 நாள் டைம். அதாவது அடுத்த மாசம் 4 இல்லன்னா 5.

இந்த "4 இல்லன்னா 5"ங்கிறதையே நிறைய பேரு கவனிச்சிருக்க மாட்டீங்க. எங்க பேங்க்ல மாறாம இருக்கிறது ஸ்டேட்மென்ட் தேதிதான், டியூ டேட் இல்ல. 15ல இருந்து 20 நாள் எண்ணுனா, 30 நாள் இருக்கிற மாசத்துல அடுத்த மாசம் 5 வரும், 31 நாள் இருக்கிற மாசத்துல 4 வரும், பிப்ரவரி பில்லுக்கு மார்ச் 7 வரும். வருஷத்துல ஏழு மாசம் 31 நாள், அப்ப ஏழு தடவை 4ஆம் தேதிதான். "என் கார்டுக்கு டியூ அஞ்சாந்தேதி"ன்னு மனப்பாடமா வெச்சிருக்கிறவன் வருஷத்துல ஏழு தடவை ஒரு நாள் லேட்டா கட்டறான்னு அர்த்தம்.

சரி, ஆகஸ்ட் 15 பில்லுக்கு செப்டம்பர் 4 கடைசி நாள், சம்பளம் 10ஆம் தேதிதான். பில்லுக்குப் பணத்தை பேங்க்கே அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்கிற மாதிரி ஆட்டோ டெபிட் போட்டு வெச்சிருந்தேன், அக்கவுண்ட்ல பணமில்லாம அது பவுன்ஸ் ஆச்சுன்னா அதுக்கொரு சார்ஜ் வருமேன்னு அதை நானே ஆஃப் பண்ணிட்டு, மச்சான்கிட்ட கைமாத்து வாங்கி கட்டுனேன். பொண்டாட்டியோட தம்பிகிட்ட போய் நிக்கறது எப்படி இருக்கும்னு நின்னவங்களுக்குத் தெரியும். அவரு ஒரு வார்த்தை கேக்கல, உடனே போட்டு விட்டாரு, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த மாசம் இது நடக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்.

டியூ டேட்டை நேரடியா மாத்த முடியாது, பில்லிங் சைக்கிளைத்தான், அதாவது மாசாமாசம் பில்லு போடற சுத்தைத்தான், மாத்தலாம், அது மாறுனா டியூவும் கூடவே நகரும். இது பேங்க்காரன் பார்த்து குடுக்கிற சலுகை ஒண்ணும் கிடையாது. ஆர்பிஐ 2022ல கிரெடிட் கார்டுக்குன்னு கொண்டு வந்த விதியிலயே கஸ்டமருக்கு ஒரு தடவை சைக்கிள் மாத்திக்க உரிமை குடுக்கணும்னு இருக்கு, 2024 மார்ச்ல அதைத் திருத்தி குறைஞ்சது ஒரு தடவையாவதுன்னு ஆக்கிட்டாங்க. ஆப்லயோ ஹெல்ப்லைன்லயோ மெயில்லயோ கேக்கலாம். காரணமெல்லாம் சொல்லத் தேவையில்ல.

செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துல ஆப்பைத் தொறந்து 15ஐ 22ன்னு மாத்துனேன். 22ல இருந்து 20 நாள்னா அடுத்த மாசம் 11 இல்லன்னா 12, சம்பளம் 10, அம்சமா உட்காருது. ரெண்டு தட்டு, ஒரு ஓடிபி, முடிஞ்சுது. இவ்வளவு சுலபமா இருக்கிறத விட்டுட்டு மச்சான்கிட்ட போய் நின்னோமேன்னு இருந்துச்சு.

இப்ப இங்கதான் கொஞ்சம் நிதானமா படிக்கணும்.

நான் மாத்துனது 19ஆம் தேதி. அதுக்கு நாலு நாள் முன்னாடி, 15ஆம் தேதியே, ஒரு பில்லு போட்டு முடிச்சாச்சு. 38,420 ரூபா, கடைசி நாள் அக்டோபர் 5. நான் சைக்கிளை மாத்துனதுல அந்த பில்லு நகரல. அது 5ஆம் தேதியிலயே நிக்குது. போட்ட பில்லு போட்டதுதான், மாத்தம் அதுக்கப்புறம் வர்றதுக்குத்தான். ஆனா என் மண்டையில "டியூ டேட்டு மாறிடுச்சு"ன்னு மட்டும் பதிஞ்சு போச்சு.

22ஆம் தேதி புது சைக்கிள்படி ஒரு குட்டி பில்லு வந்துச்சு. 16ல இருந்து 22 வரைக்கும், ஏழே நாள் கணக்கு, 6,240 ரூபா. அன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா, ஜிஎஸ்டி குறைஞ்ச நாள். டிவி கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, வண்டி ஷோரூம், ஒருத்தன் விடாம மெசேஜ், அந்தக் கூட்டத்துல பில்லு மெசேஜ் எங்கயோ போச்சு. மெயில்ல வந்த பிடிஎஃப்ப நான் தொறக்கல. பேருல முதல் நாலு எழுத்து, பொறந்த தேதின்னு பாஸ்வேர்டு போட்டு ஃபோன்ல தொறக்கிறதுக்குள்ள பஸ்ஸே வந்துடும், எவன் தொறக்கிறான். ஆப்ல மட்டும் பார்த்தேன். பெரிய எழுத்துல டோட்டல் டியூ 44,660, கீழ டியூ டேட் அக்டோபர் 12.

44,660ங்கிறது பழைய 38,420ம் புது 6,240ம் சேர்ந்தது. பழைய பாக்கியையும் புதுக் கணக்கையும் ஒண்ணாக் கூட்டி ஒரே தேதி போட்டுக் காட்டுது. இதைப் பார்க்கிற எவனும் மொத்தமும் 12க்குள்ள கட்டுனா போதும்னுதான் நினைப்பான். நானும் நினைச்சேன்.

இதுல இன்னொரு சின்ன கணக்கும் தப்பாச்சு. ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாள் வாங்குனா 50 நாள் வரைக்கும் வட்டியில்லாம ஓட்டலாம்ங்கிற வித்தை எல்லாருக்கும் தெரியும். அதை நம்பித்தான் 16ஆம் தேதி பொண்ணுக்கு 4,990க்கு சைக்கிள் எடுத்தேன், நவம்பர் 4க்கு கட்டிக்கலாம்னு. அது இந்த ஏழு நாள் பில்லுல மாட்டி அக்டோபர் 12க்கே வந்து நின்னுச்சு. பொண்ணோட சைக்கிளுக்கு பில்லிங் சைக்கிள் குறுக்க வந்த கதை.

எங்க வீட்டுல தினசரி காலண்டர் கிழிக்கிறது சம்சாரம் வேலை. வருஷம் பொறந்ததுமே காஸ் புக் பண்ண, சீட்டு கட்ட, கார்டு கட்டன்னு அந்தந்தத் தாள்ல பேனாவுல எழுதி வெச்சிடுவா. அக்டோபர் 5 ஞாயித்துக்கிழமை, காலையில தாளக் கிழிக்கப் போனவ நின்னு, "ஏனுங்க, அஞ்சாந்தேதி ஆச்சு, கார்டு கட்டலீங்களா?"ன்னா. நான் பேப்பர்ல இருந்து தலையைக் கூடத் தூக்கல. "அதெல்லாம் பன்னண்டுக்கு மாத்தியாச்சு"ன்னேன். என்னமோ சொந்தமா பேங்க் நடத்தறவனாட்டம். அவளும் சரிங்கன்னு அந்தத் தாளக் கிழிச்சு அதுல மிளகாய் மடிச்சு வெச்சுட்டா.

உண்மையச் சொல்லணும்னா பேங்க்கும் எச்சரிக்கை பண்ணாம இல்ல. 2ஆம் தேதி ஒரு மெசேஜ், 4ஆம் தேதி ஒரு மெசேஜ், 38,420 அக்டோபர் 5க்குள்ள கட்டணும்னு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, இது பழைய தேதிக்கு செட் ஆன மெசேஜ், சிஸ்டத்துல இன்னும் அப்டேட் ஆகலன்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். தப்பு மெசேஜ்லயா இருக்கும், நம்மகிட்ட எப்படி இருக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அதுக்குத்தான் அந்த மூவாயிரத்து சொச்சம்.

10ஆம் தேதி சம்பளம் வந்துச்சு, 11ஆம் தேதி சனிக்கிழமை முழுசா 44,660ம் கட்டிட்டேன். ஒரு நாள் முன்னாடியே கட்டிட்டோம்னு சந்தோஷம் வேற. தீபாவளி 20ஆம் தேதி நல்லபடியா போச்சு. 22ஆம் தேதி பில்லு வந்துச்சு, அதுல லேட் பேமென்ட் சார்ஜ் 1,100, அதுக்கு ஜிஎஸ்டி 198, வட்டி 2,214, அதுக்கு ஜிஎஸ்டி 398 ரூபா 52 காசு.

லேட் ஃபீ கூட புரியுது, ஆறே நாளுக்கு வட்டி ரெண்டாயிரத்துக்கு மேலயான்னு எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்கு போட்டேன். ஆகஸ்ட் 18ஆம் தேதி 7,200க்கு மிக்ஸி வாங்குனேன். டியூ டேட்டுக்குள்ள முழுசா கட்டலன்னா அந்த வட்டியில்லா காலம்ங்கிறது மொத்தமா போயிடும், வட்டி ஓட ஆரம்பிக்கிறது டியூ டேட்ல இருந்து இல்ல, வாங்குன நாள்ல இருந்து. ஆகஸ்ட் 18ல இருந்து அக்டோபர் 11 வரைக்கும் 54 நாள். எங்க கார்டுக்கு மாசம் 3.75 சதவீதம், வருஷத்துக்கு 45. அந்த ஒரு மிக்ஸிக்கு மட்டும் 479 ரூபா. ஆறு நாள் லேட்டுக்கு 54 நாள் வட்டி. இப்படியே அந்த மாசம் போட்ட பெட்ரோல், மளிகை, மருந்துக்கடைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஓடியிருக்கு. குட்டி பில்லுல இருந்த சைக்கிளையும் விடல, அதுக்கும் 16ல இருந்து வட்டி.

சட்டப்படி இதுக்கு உச்சவரம்பு இருக்கான்னு கேட்டா, 30 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது, அதை 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அதனால அந்தப் பக்கம் போய் பிரயோஜனமில்ல.

கஸ்டமர் கேர்ல கூப்பிட்டேன். "சிஸ்டம் ஜெனரேட்டட் சார்ஜ் சார், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு அந்தப் பொண்ணு மூணு தடவை சொல்லுச்சு. நான் சத்தம் போடல, அந்தப் புள்ளை என்ன பண்ணும். "சரிம்மா, செப்டம்பர் 22 ஸ்டேட்மென்ட்ட தொறங்க. டோட்டல் டியூன்னு என்ன இருக்கு? அதுக்கு டியூ டேட் என்ன இருக்கு? நான் கட்டுன தேதி என்ன? இதுல நான் எங்கம்மா லேட்டு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடுச்சு, அப்புறம் மெயில் போடுங்க சார்னு சொல்லிட்டு ஒரு கம்ப்ளைன்ட் நம்பர் குடுத்துச்சு. ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து மெயில் போட்டேன், சைக்கிள் மாத்துன தேதி, ஆப்ல காட்டுன ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டுன ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் வரிசையா. ஒன்பதாவது நாள் லேட் ஃபீ 1,298ஐ திருப்பிப் போட்டாங்க. வட்டி குடுக்கல. 30 நாளுக்குள்ள பேங்க் சரியான பதில் சொல்லலன்னாலோ, சொன்ன பதில் நமக்கு ஒத்து வரலன்னாலோ ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்னு இருக்கிற குறைதீர்ப்பு அதிகாரிகிட்ட காசில்லாம ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், எனக்குத் தெரியும். ஆனா 15ஆம் தேதி பில்லுல அக்டோபர் 5ன்னு தெளிவா இருந்துச்சு, ரெண்டு மெசேஜும் வந்துச்சு. நம்ம பக்கமும் ஓட்டை இருக்குன்னு விட்டுட்டேன். பஞ்சாயத்துல நிக்கிறப்ப அந்த மெசேஜைத்தானே முதல்ல எடுத்து நீட்டுவாங்க.

சிபில், அதான் கடன் ஸ்கோர், அடி வாங்கியிருக்குமோன்னுதான் பயம் அதிகமா இருந்துச்சு. 2025 ஜனவரியில இருந்து பேங்க்குங்க 15ஆம் தேதி நிலவரம், மாசக் கடைசி நிலவரம்னு மாசம் ரெண்டு தடவை ரிப்போர்ட் அனுப்பிட்டிருந்தாங்க. நான் 11லயே கட்டிட்டதால தப்பிச்சேன், ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தப்ப அக்டோபருக்கு 000ன்னுதான், அதாவது லேட்டான நாள் சைபர்னுதான், இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டும் ஃப்ரீயா குடுக்கணும்னு விதி இருக்கு, எதுக்கு எவனுக்கோ காசு குடுத்துப் பார்க்கறீங்க.

இன்னொண்ணு, மூணு நாள் சலுகைன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி நிறைய அரைகுறை பேச்சு ஓடுது. டியூ தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல பாக்கி நின்னாத்தான் லேட் ஃபீ போடலாம், சிபில் மாதிரி இடத்துக்கு சொல்லலாம், அதுவும் லேட் ஃபீ மிச்சம் நிக்கிற பாக்கி மேலதான் போடணும், மொத்த பில்லு மேல இல்லன்னு ஆர்பிஐ விதி. அதனாலதான் 4க்கு பதிலா 5ல கட்டற ஆளுங்க பல வருஷமா தெரியாமயே தப்பிச்சிட்டிருக்காங்க. ஆனா வட்டியையும் அந்த மூணு நாள் காப்பாத்தும்னு நம்பி உட்காராதீங்க. நான் 5ல இருந்து 11க்குப் போனதால எனக்கு அந்த லேட் ஃபீ சலுகையும் இல்ல.

சரி, எப்படி மாத்தியிருக்கணும்? எனக்கு இப்பப் புரிஞ்சது இதுதான். ஒவ்வொரு மாசமும் ஒரு பாதுகாப்பான இடைவெளி இருக்கு, போன பில்ல கட்டி முடிச்சதுக்கு அப்புறம், அடுத்த பில்லு போடறதுக்கு முன்னாடி. என் கணக்குல செப்டம்பர் 4ல கட்டிட்டேன், அடுத்த பில்லு 15. நடுவுல 5ல இருந்து 14 வரைக்கும் பத்து நாள் கையில எந்த பில்லும் இல்ல. அப்ப மாத்தியிருந்தா 15ல போட வேண்டிய பில்லே 22க்குப் போயிருக்கும், குழப்பமே இல்ல. நான் மாத்துனது 19ல, ஒரு பில்லு பாதி வழியில நிக்கிறப்ப. ஓடற பஸ்ஸுல இருந்து இறங்குன மாதிரி. வேற வழியில்லாம நடுவுல மாத்தற மாதிரி ஆனா, போட்ட பில்ல பழைய தேதிக்குள்ள கட்டியே ஆகணும், அதுல பேச்சே இல்ல. சில பேங்க்ல குட்டி பில்லு வராது, அடுத்த சைக்கிள்லதான் மாறும், அப்ப இடையில ஒரு நீளமான பில்லு வரும், தொகையும் அதுக்கேத்த மாதிரி பெருசா வரும். அதனால பட்டனை அமுத்தறதுக்கு முன்னாடி ஒரு ஃபோனைப் போட்டு, இப்ப நிக்கிற பில்லுக்கு கடைசி நாள் எது, அடுத்த பில்லு எந்தத் தேதியில வரும், இந்த ரெண்டை மட்டும் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

ஆட்டோ டெபிட்டையும் மறுபடி போட்டேன், மினிமம் இல்லாம டோட்டல் டியூங்கிறத பார்த்து செலக்ட் பண்ணி. எங்க பேங்க்ல போட்ட உடனே வேலை செய்யாது, அடுத்த ஸ்டேட்மென்ட்ல இருந்துதான் பிடிக்கும், அந்த இடைப்பட்ட பில்ல நாமதான் கையால கட்டணும். அதையும் பல பேரு போட்டாச்சுன்னு விட்டுட்டு மாட்டிக்கறாங்க. பணத்தை முந்தின நாள் ராத்திரியே அக்கவுண்ட்ல வெச்சிடறேன், ஏன்னா காலையில எத்தனை மணிக்கு வந்து பிடுங்கும்னு யாருக்குத் தெரியும்.

தேதியை ஞாபகம் வெச்சுக்கிறதையே விட்டுட்டேன். பில்லு வந்த அன்னைக்கு ராத்திரி சோத்துக்கு முன்னாடி பிடிஎஃப்ப தொறக்கறேன், பாஸ்வேர்டு போட்டுத்தான், அதுல இருக்கிற தேதியை சம்சாரம்கிட்ட சொல்றேன், அவ அந்தத் தாளத் தேடி எழுதறா. முன்னாடி வருஷம் பொறந்தப்பவே பன்னண்டு தாள்லயும் எழுதுவா, இப்ப மாசம் ஒண்ணுதான்.

போன வாரம் எங்க சாம்பிளிங் செக்‌ஷன் பையன் ஒருத்தன் வந்தான், அவனுக்கும் அதே சம்பளத் தேதி பிரச்சினை, அவனும் சைக்கிள் மாத்தப் போறானாம். "இப்ப இருக்கிற பில்ல முதல்ல கட்டிடு, கட்டுன மறுநாள் மாத்து, அதுக்கு முன்னாடி ஆப்பைத் தொடவே தொடாத"ன்னேன். "அண்ணா, பில்லு 6ஆம் தேதி, சம்பளம் பத்தாந்தேதிதானேண்ணா வருது, அந்த ஒரு பில்லுக்கு நான் எங்கண்ணா போறது?"ன்னான். "ஒரே ஒரு தடவைதான்டா, மச்சான் யாராவது இருந்தா கேளு"ன்னேன்.

அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல.